பிள்ளை வளருமுன் பார்சல் வருமா?

பிள்ளை வளருகிற வேகத்துக்கும் பார்சல் வந்து சேருகிற வேகத்துக்கும் நடுவிலே மாட்டிக்கொண்டு முழிப்பதற்குப் பெயர்தான் என் தொழில்.

லுணுகலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு கொமியூனிகேஷன் வைத்திருந்தேன். வெளிநாட்டுக்குப் போன் பேச, போட்டோ கொப்பி எடுக்க என்று சுற்றியுள்ள தோட்டத்து ஆட்கள் வருவார்கள். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் போயிருக்கும், என் மூத்தவன் சுரேஷ் கொழும்பிலிருந்து ஒரு கம்பியூட்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அதற்குள்ளே ஒரு கம்பனிக்காரனுடைய கடை இருந்தது. பிள்ளைகளின் உடுப்பும் சப்பாத்தும் படம் படமாக வரும். பிடித்ததை அமத்தினால் சில கிழமையில் தபாலில் பார்சல் வந்துவிடும். வந்தது வந்ததுதான், திருப்பி எடுக்கமாட்டார்கள்.

நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். சுரேஷ் எனக்கு எதை அமத்த வேண்டும், எதை அமத்தவே கூடாது என்று இரண்டு விஷயம்தான் சொல்லிக்கொடுத்தான். மற்றதெல்லாம் முருகன் பார்த்துக்கொண்டான். காலையில் கதிர்காமத்தான் படத்துக்கு விளக்கேற்றி, அப்படியே கம்பியூட்டரின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் அதைப் போடுவேன். மழைக்காலத்தில் லைன் அறுந்துபோனால் அவனைத் தவிர வேறு யாரையும் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை.

மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள்தானே, பிள்ளை உடுப்பில் நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் இறங்கினேன். ஆளுக்குப் போட்டுப் பார்க்காமல் வளருகிற பிள்ளைக்கு உடுப்பு எடுத்தவர்கள் உங்களிலே யாராவது இருந்தால், கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது.

படத்தில் நிற்கிற பிள்ளை

முதல் முதல் உடுப்பு எடுக்க வந்தவள் தோட்டத்து மேல் டிவிஷன் லெட்சுமி. தீபாவளிக்கு மகளுக்கு ஒரு கவுன் வேண்டும். எங்கள் ஊர் லைனில் படம் ஒரேயடியாக வராது. முதலில் தலைமுடி வரும், பிறகு நெற்றி, பிறகு மூக்கு. கவுன் வருவதற்குள் லெட்சுமி அந்தப் படத்திலிருந்த பிள்ளையோடு சொந்தமே ஆகிவிட்டாள். எந்தத் தோட்டத்துப் பிள்ளை, இவ்வளவு வெள்ளையாக இருக்கிறதே, தாய் தகப்பன் யார் என்றெல்லாம் விசாரித்தாள். எனக்குத் தெரியாது என்றதும் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

கடைசியில் கவுன் வந்தது. ரோஸ் நிறம், கீழே சுருக்கு வைத்தது. பிடித்துவிட்டது. நான் அமத்தப் போகிற நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் மாறிவிட்டது. தீபாவளி உடுப்பில் மஞ்சள் வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைப்போமே, இன்னொரு பிள்ளை உடுத்திக் கழற்றியதை எப்படி வைப்பது என்றாள். அது படத்துக்காக உடுத்தியது, உனக்கு வருவது வேறே ஒன்று, புதுசாகத் தைத்தது என்று நான் சொல்லச் சொல்ல, அவள் கம்பியூட்டருக்குப் பின்னாலே எட்டிப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு வெளியே போனாள். பஸ்ஸுக்குள் ஒரு காலை வைத்தவள் இறங்கித் திரும்பி வந்து சொன்னாள்:

“நீங்க சொன்னா நம்புறேன் அக்கா. ஆனா எதுக்கும் அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க, இனிமே அதைப் போட வேணாம்னு.”

எந்த நீலம்

இனி பரமேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் பாதி அவளுடையது.

அவள் டவுனுக்கு மேலே உள்ள தோட்டத்துக்காரி. ஆறு வயது மகள் தனுஷாவைப் புருஷன் முத்துராஜிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனாள். இரண்டு வருஷத்தில் வருவதாகப் போனவள், வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டதால் இன்னும் கொஞ்ச காலம் நின்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த வீட்டு ஆட்கள் வெளியே போகிற நேரத்தில் என் கடைக்குப் போன் எடுப்பாள். முத்துராஜ் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடி உயர்ந்துபோனால் மேலே உள்ளதை வெட்டித் தள்ளுகிற வேலை. கொடுத்த பங்கை வெட்டி முடித்தால் வீட்டுக்குப் போகலாம். அதனால் நேரத்தோடு முடித்து, பள்ளிக்கூடம் விட்ட மகளையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பான்.

பரமேஸ்வரிக்கு ஒரே ஒரு ஆசை. அவள் அங்கிருந்து அனுப்பிய உடுப்பு ஒன்றுகூடப் பிள்ளைக்கு அளவாக இருந்ததில்லை. ஒன்று கக்கத்தைப் பிடித்தது, இன்னொன்று தோளில் நிற்காமல் வழிந்தது. பெற்ற பிள்ளையின் அளவு மறந்துபோச்சு என்று லயத்தில் அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டது எப்படியோ குவைத் வரைக்கும் போய்விட்டது. இந்தத் தீபாவளிக்குத் தானே பார்த்து எடுத்த ஒரு சட்டை மகளுக்கு அச்சாகப் பொருந்த வேண்டும். அவளிடம் கம்பியூட்டர் கிடையாது. ஆகவே நான்தான் அவளுக்குக் கண்.

நல்ல நீலத்தில் ஒரு கவுன் இருக்கிறது என்றேன். என்ன நீலம் என்றாள். வானத்து நீலம் என்றேன். காலையிலேயா, பின்னேரமா என்றாள். மழை பெய்து விட்ட பிறகு என்றேன். அப்படியென்றால் சாம்பல் அல்லவா என்றாள். எனக்கு மூச்சு வாங்கியது. முத்துராஜ் போனை வாங்கி, கொழுந்தெடுக்கப் போகும்போது நனையாமல் இருக்க இடுப்பிலே சுற்றிக் கட்டுவாயே, அந்தப் படங்கின் நீலம்தான் என்று சொன்னான். எனக்கு அவன் சொன்னது ரொம்பச் சரியாகப் பட்டது. அவள் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுச் சொன்னாள்:

“அக்கா, சிவப்பைக் காட்டுங்க. நான் அந்த நீலத்துக்குப் பயந்துதானே இங்க வந்தேன்.”

அளந்தால் வளராது

சிவப்பு ஒன்று முடிவாயிற்று. இனி அளவு. நான் மேசை லாச்சியிலிருந்து தையல் நாடாவை எடுத்தேன். முத்துராஜ் எழுந்து மகளுக்கும் எனக்கும் நடுவிலே நின்றுகொண்டான். வளருகிற பிள்ளையை அளந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்றான். பெட்டி அடிக்கிறவன் தலை முதல் கால் வரைக்கும் நாடா பிடித்து அளப்பது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியாதா அக்கா என்றும் கேட்டான். நான் நாடாவைச் சுருட்டி லாச்சிக்குள் போட்டேன். என் பிள்ளைகளையும் நான் அளந்தவளில்லை.

கம்பனிக்காரன் வயசைச் சொன்னால் போதும் என்கிறான். ஆனால் கொழும்புப் பிள்ளையின் எட்டு வயசும் எங்கள் லயத்துப் பிள்ளையின் எட்டு வயசும் ஒரே உயரம் இல்லை. நான் கண் பார்வையில் ஓர் அளவு சொன்னேன். பரமேஸ்வரி ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் சொன்ன அளவில் எடுத்தால் அது மற்றவர்கள் எடுத்த சட்டை ஆகிவிடுமாம். தான் வேலை செய்கிற வீட்டிலும் எட்டு வயதில் ஒரு பெண் இருக்கிறது, தினமும் குளிப்பாட்டுகிறேன், அந்த அளவைச் சொல்லட்டுமா என்றாள். முன்பு வந்த சட்டைகள் ஏன் தோளில் நிற்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பிள்ளை மூன்று வேளையும் இறைச்சி தின்கிற பிள்ளை.

இப்படியே பேசிக்கொண்டிருக்க லைன் அறுந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமைதான் இனி. அளக்காமல் தாய்க்கு எப்படி அளவு சொல்லப் போகிறாய் என்று முத்துராஜிடம் கேட்டேன். அவன் மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்:

“அளக்கத்தான் கூடாது அக்கா. பாத்துட்டுச் சொன்னா முருகன் ஒண்ணும் சொல்லமாட்டான்.”

டீச்சரின் அளவு

அந்தக் கிழமைக்குள்தான் கணக்கு டீச்சரின் பார்சல் வந்தது. டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். அளந்தால் வளராது என்ற பேச்செல்லாம் அவரிடம் எடுபடாது. சில மாதத்துக்கு முன்னே, மகனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வேண்டுமென்று, அவனைத் தாளின் மேல் நிறுத்திக் காலைச் சுற்றிப் பென்சிலால் கீறிக்கொண்டு வந்தார். இடது கால் சிலருக்குக் கொஞ்சம் பெரியதாம், ஆகவே இரண்டு கால். பின்னேரத்தில் கால் கொஞ்சம் வீங்குமாம், ஆகவே காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை. அடிமட்டம் வைத்துப் பார்த்துச் சொன்ன அளவைத்தான் நான் அமத்தினேன். எனக்கே ஒரு தைரியம் வந்தது. இப்படி எல்லாரும் வந்தால் என் தொழில் எவ்வளவு லேசு என்று நினைத்தேன்.

இடையிலே மழை. பசறைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடிவிட்டது. பார்சல் எங்கெங்கோ தங்கி, ஆறுதலாக, மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. டீச்சர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் காலை நுழைத்தான். விரல் போனது, குதிகால் வெளியே நின்றது. நான் என் கடவுளைக் கூப்பிட ஆரம்பித்தேன். டீச்சர் பதறவில்லை. கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்து, சப்பாத்தை அதன் மேல் வைத்தார். மயிரிழை தப்பவில்லை. பிறகு மகனின் காலைத் தூக்கி வைத்தார். பெருவிரல் கோட்டைத் தாண்டி நின்றது. தாளைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு அமைதியாகத் தீர்ப்புச் சொன்னார்:

“அளவு சரி. பெடியன்தான் பிழை.”

எரிகிற சப்பாத்து

எதிரே துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இதெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. பார்சல் வருகிற அன்றைக்குத் தன் கடை வாசலில் வந்து நின்றுகொள்வார். யாராவது முகம் வாடி இறங்கினால், தங்கச்சியின் கம்பியூட்டர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்ததா, நான் தொட்டுப் பார்த்துக் கொடுப்பேன் என்று எனக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வார். கோபமாக அல்ல. எனக்குப் பின்னேரத் தேத்தண்ணி அவருடைய வீட்டிலிருந்துதான் வரும்.

ஒரு நாள் நான் கடையைச் சாத்துகிற நேரம் மெல்ல வந்தார். தொப்பியைச் சரிசெய்தார், மழையைப் பற்றிப் பேசினார், பஸ்ஸைப் பற்றிப் பேசினார். கடைசியில், நடந்தால் அடியிலே லைட் எரிகிற சப்பாத்து ஒன்று இருக்கிறதாமே, பதுளையில் பேரன் யாரோ போட்டிருக்கக் கண்டானாம், அது உன் பெட்டிக்குள் வருமா என்று கேட்டார். வந்தது. எடுத்துக் கொடுத்தேன். பார்சல் வந்ததும் யாருக்கும் தெரியாமல் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தேன். விளக்கேற்றும்போது பெட்டியில் கை பட்டு, அதன் இடுக்கிலே சிவப்பும் பச்சையுமாக மின்னியது. கடையில் நின்ற லெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு எதையும் மறைக்க முடியவில்லை. ஊரே சேர்ந்து நானாவைக் கேலி பண்ணியது. உங்கள் கடையில் சப்பாத்தே இல்லையா என்று நானும் என் பங்குக்குக் கேட்டேன். அவர் சொன்னார்:

“எரியாத சப்பாத்து என் கடையில கொள்ளையா இரிக்கி தங்கச்சி. பிள்ளைக்கு வேண்டியது எரியிற சப்பாத்து.”

செடிக்கு மேலே

வெள்ளிக்கிழமை வந்தது. லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. பரமேஸ்வரி யோசித்து வைத்திருந்தாள். அவர்கள் லயத்துக்கு முன்னால் ஒரு தேயிலை மலை. அவள் போகும்போது பிள்ளை அந்தச் செடிகளுக்குள்ளே நின்றால் தலையில் கட்டின ரிப்பன் மட்டும்தான் வெளியே தெரியுமாம். இப்போது செடிக்கு மேலே எவ்வளவு தெரிகிறாள், அதைச் சொன்னால் நான் பிடித்துக்கொள்வேன் என்றாள். முத்துராஜ் கண்ணை மூடி யோசித்தான். இடுப்புக்கு மேலே தெரிகிறாள் என்றான்.

போனுக்குள் ஒரு விம்மல் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. என் பிள்ளை இவ்வளவு வளர்ந்துவிட்டாளா, எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றாள். பன்னிரண்டு வயது அளவை அமத்தச் சொன்னாள். நான் பெஞ்சைப் பார்த்தேன். தனுஷா கால் தரையில் படாமல் ஆட்டிக்கொண்டு விசுக்கோத்துத் தின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு வளர்த்தி இல்லை பரமேசு என்று சொல்லிப் பார்த்தேன். அடிக்கடி பார்க்கிறவர்களுக்கு வளர்த்தி தெரியாது அக்கா என்று என் வாயை அடைத்துவிட்டாள். முத்துராஜ் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, அமத்துங்கள் என்று கையைக் காட்டினான். அமத்தினேன்.

போனை வைத்த பிறகு, உன் மகள் எந்தக் காலத்தில் இடுப்புக்கு மேலே தெரிந்தாள் என்று அவனைப் பிடித்துக்கொண்டேன். அந்த மலை போன மாதம்தான் கவ்வாத்து வெட்டியதாம். வெட்டியவனும் அவன்தான். செடியெல்லாம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கட்டையாக நிற்கிறதாம். கொழுந்தெடுத்துப் பழகிய பரமேஸ்வரிக்கு அங்கே போய் அது மறந்துவிட்டது. இவன் ஞாபகப்படுத்தவில்லை. அவள் சிரித்து எத்தனை காலமாயிற்று, அதைப் போய் எப்படிக் கெடுப்பது என்றான். அது பொய்யில்லையா என்றேன். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“செடிக்கு மேல தெரியுறாளான்னு கேட்டா, உள்ளதைச் சொன்னேன். செடி எவ்வளவு உயரம்னு அவ கேக்கலையே.”

பெட்டி மேல் தீபாவளி

சிவப்புக் கவுன் தீபாவளிக்கு முதல் நாள் வந்தது. நல்ல துணி, நல்ல தையல். தனுஷா அதற்குள்ளே போனதும் எந்தப் பக்கத்தால் வெளியே வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கழுத்து வழியாகவே முழுப் பிள்ளையும் வந்துவிடும் போலிருந்தது. கீழே சுருக்கு தரையைக் கூட்டியது.

தாய்க்குப் படம் அனுப்ப வேண்டும். தீபாவளிக்கு வந்திருந்த சுரேஷிடம் கமரா இருந்தது. வழி கண்டுபிடித்தது முத்துராஜ்தான். ஒரு மரப்பெட்டியை வைத்து அதன் மேல் மகளை நிறுத்தினான். கவுன் பெட்டியையும் மூடிக்கொண்டு தரைக்குக் கொஞ்சம் மேலே அழகாக நின்றது. முதுகுப் பக்கம் துணி காயப்போடுகிற கிளிப்பால் இறுக்கினோம். முன்னாலே பார்த்தால் வளர்ந்த பெண். பின்னாலே பார்த்தால் கொடியில் போட்ட உடுப்பு. கவுனின் ஒரு மூலையில் மஞ்சள் வைத்துவிட்டு, நான் முருகனைத் திரும்பிப் பார்க்காமல் நின்றேன். அசையாதே, விழுந்துவிடுவாய் என்று தகப்பன் சொல்ல, பயத்தில் பிள்ளை நிமிர்ந்து நின்றது. அது தாய்க்குப் பெரிய பெண்ணுக்குரிய அடக்கமாகத் தெரிந்திருக்கிறது.

படத்தைக் கழுவித் தபாலில் அனுப்பினோம். கிடைத்த அன்றைக்கே பரமேஸ்வரி போன் எடுத்தாள். அங்கே வேலை செய்கிற எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் காட்டினாளாம். அளவு மறந்துபோச்சு என்று யாராவது சொன்னால் இனி இந்தப் படத்தைக் காட்டுங்கள் என்றாள். நான் நிம்மதியாக மூச்சு விடப் போகும்போது சொன்னாள்:

“எல்லாம் நல்லா இருக்கு அக்கா, கால்தான் தெரியல. அடுத்ததாச் சப்பாத்து எடுத்துருவோம்.”

உயரத்துக்கு ஏற்ற கால்

சப்பாத்து அளவை அவள் யாரிடமும் கேட்கவில்லை. படத்திலுள்ள உயரத்துக்கு இவ்வளவு கால் இருக்கும் என்று தானே சொல்லிவிட்டாள். வெள்ளைச் சப்பாத்து, ஓரத்தில் பூ. அதோடு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, ஒரு குளிர்ச்சட்டை, எல்லாம் அந்தப் பெட்டி மேல் நின்ற பிள்ளையின் அளவில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உண்மையைச் சொல்லிவிடு என்று முத்துராஜைப் பார்ப்பேன். அவன் போனை வாங்கி, மலையில் பனி, மாட்டுக்குக் கன்று என்று எல்லா உண்மையையும் சொல்வான், இதைத் தவிர.

சப்பாத்துப் பெட்டியைத் திறந்தபோது முத்துராஜ் ஒன்றை எடுத்துத் தன் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் பெட்டிக்குள் வைத்தான். பழைய பேப்பரைச் சுருட்டி முன்னால் அடைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். உங்கள் வீட்டிலும் செய்திருப்பீர்கள். ஆனால் இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் முழுவதும் போயிற்று. தனுஷா போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்தாள். பிள்ளை வந்துவிட்டது, சப்பாத்து பின்னால் வந்துகொண்டிருந்தது. அவள் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டுத் தகப்பனுக்கு வழி சொன்னாள்:

“அப்பா, ரெண்டு காலையும் ஒரு சப்பாத்துல விட்டா சரியா இருக்கும்.”

பஸ் வந்தது

சித்திரைப் பிறப்புக்கு வருகிறேன் என்று பரமேஸ்வரி சொன்ன நாளிலிருந்து முத்துராஜ் சோறு இறங்காமல் திரிந்தான். மகளுக்குத் தினம் முட்டை கொடுத்தான். தொங்கினால் உயரம் வருமென்று யாரோ சொன்னதைக் கேட்டு, காலையிலே கொய்யாமரக் கிளையில் அவளைத் தொங்கவிட்டான். பிள்ளை வளரவில்லை, கிளைதான் தாழ்ந்தது. நானும் கதிர்காமத்தானிடம் வேண்டிக்கொண்டேன். முருகா, பிள்ளையைக் கொஞ்சம் இழுத்துவிடு, இல்லாவிட்டால் பிளேனைக் கொஞ்சம் பிந்தவிடு என்று. அவன் இரண்டையும் செய்யவில்லை.

பதுளையிலிருந்து பஸ் வருகிற நேரம் என் கடை வாசலில் எல்லாரும் நின்றோம். லெட்சுமியும் இன்னும் சில லயத்துப் பெண்களும் வேண்டுமென்றே வேலையை வைத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கியிருந்தார்கள். தாய் பிள்ளையைக் கண்டுபிடிப்பாளா என்று பார்க்கத்தான். நானா தன் வாசலில் நின்றார். தனுஷா அளவான தன் பழைய பள்ளிக்கூடச் சட்டையில், தகப்பன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாய் முகம் அவளுக்கும் பாதிதான் ஞாபகம்.

பரமேஸ்வரி இறங்கினாள். மெலிந்திருந்தாள். இரண்டு கையிலும் பெரிய பை. முத்துராஜைக் கண்டாள், சிரித்தாள். பிறகு அவள் கண் தேடத் தொடங்கியது. எங்கள் நெஞ்சு உயரத்தில் தேடியது. பாதையோரம் போன பெரிய வகுப்புப் பெண்களைத் தேடியது. நானாவின் கடைப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. மகள் முன்னாலேயே நிற்கிறாள், தாயின் பார்வை அவள் தலைக்கு மேலாலே போய்க்கொண்டிருக்கிறது. பெத்தவளுக்கே தெரியலையே என்று லெட்சுமி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அப்போது தனுஷா கீழேயிருந்து, அம்மா என்றாள்.

பரமேஸ்வரி குனிந்து பார்த்தாள். பை இரண்டும் ரோட்டில் விழுந்தன. முத்துராஜ் அவசர அவசரமாகக் கவ்வாத்து, செடி, பெட்டி, கிளிப் என்று எல்லாவற்றையும் முன்பின்னாகக் கொட்டினான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மகளைக் கக்கத்தில் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினாள். தூக்கியதும் அவளுடைய முகம் இருந்த இருப்பை எழுத எனக்குப் படிப்பு போதாது. இடுப்பிலே வைத்துக்கொண்டாள். பிள்ளையின் கால் இரண்டும் தாயைச் சுற்றிக்கொண்டன. லெட்சுமிக்கும் எனக்கும் எதிர்க்கடைக்கும் கேட்கிற மாதிரி அவள் சொன்னாள்:

“நான் வர்றதுக்குள்ள வளந்து முடிச்சிருப்பாளோன்னு பயந்துக்கிட்டே வந்தேன் அக்கா. நல்லவேளை, இன்னும் தூக்கலாம்.”

அந்த இரண்டு பையிலும் இருந்த உடுப்பைத் தனுஷா எத்தனையோ தீபாவளிக்குப் போட்டுத் தீர்த்தாள். ஆகவே என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சின்னதாக வந்தால் தம்பிக்கு, பெரிதாக வந்தால் அடுத்த வருஷத்துக்கு, அளவாக வந்தால் பார்சல் மாறி வந்திருக்கிறது.